கிளெனிஸ் அடிக்காத ஆணிகள்

காலையில் பள்ளிப் பேருந்தை எடுக்கக் கிளம்பும் முன், கிளெனிஸ் பியர்ட் சமையலறைச் சுவரில் இருக்கும் ஒரே ஆணியிலிருந்து மூன்று பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். முதலில் பேருந்துச் சாவி. அது சட்டைப்பைக்குள் போகும். அடுத்து துணிப்பை. அதற்கும் அடியில், ஊர்த் தீயணைப்புப் படை வருஷா வருஷம் அச்சடித்துக் கொடுக்கும் நாட்காட்டி. இவையெல்லாம் இறங்கிய பிறகு, சுவரோடு ஒட்டி ஒரு புகைப்படம் தெரியும். சக்கரம் வைத்த இழுவை வீடு ஒன்றின் படியில் அம்மாவும் எட்டு வயது கிளெனிஸும், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அதன் கண்ணாடியைச் சட்டைக் கையால் ஒரு முறை துடைப்பாள். பிறகு நாட்காட்டியை மாட்டி, அதன்மேல் பையை மாட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் போவாள். படம் மறுபடி மறைந்துவிடும். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்திருந்தால் இந்த வேலையே இல்லை. சுவரில் இடத்துக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் வீடு அவளுடையதல்ல. குடிவந்த நாளில் இந்த ஓர் ஆணி மட்டும், கொஞ்சம் கோணலாக, சுவரில் இருந்தது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகும் அது மட்டும்தான் இருந்தது. மற்ற படங்கள், மகள் கீலாங்கிலிருந்து அனுப்பிய கடல் ஓவியம், கடிகாரம் எல்லாம் தரையில் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. மணி பார்க்க வேண்டுமானால் குனிந்து பார்க்க வேண்டும்.

யாரும் அவளிடம் ஆணி அடிக்காதே என்று சொன்னதில்லை. அதுவும் உண்மை.

அவளுக்கு அறுபத்தொரு வயது. அம்மாவோடும், பிறகு கணவனோடும், பிறகு தனியாகவும் ஏழு வாடகை வீடுகள் பார்த்தாயிற்று. ஆறு வீடுகளை விட்டுக் கிளம்பியதில் அவள் மனதில் தங்கிவிட்டது ஹார்ஷமில் இருந்த வீடுதான். அந்த வீட்டுக்காரர் ஒருநாள் எதிர்பாராமல் வந்து, துருப்பிடித்த தபால் பெட்டியை எடுத்துவிட்டு, பச்சை வண்ணத்தில் புதிதாக ஒன்று வைத்துக் கொடுத்தார். கிளெனிஸ் சந்தோஷப்பட்டு அவருக்கு ஒரு தட்டு கேக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாற்பதாவது நாள், அதே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஒன்று தெரிந்து வைத்திருந்தாள்: வீட்டுக்காரன் வீட்டுக்காகச் செலவு செய்ய ஆரம்பித்தால், அட்டைப் பெட்டி தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆகவே இந்த யாரம்பில் ஊருக்கு வந்த பிறகு எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். குழாய் ஒழுகினால் தானே வாஷர் மாற்றினாள். கூரையில் ஆணி தளர்ந்து தகரம் காற்றில் அடித்துக்கொண்டபோது, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தாள். இரண்டு கோடைக்கு முன் ஏர் கூலரின் பெல்ட் அறுந்தது. ஹார்ஷம் போய்ப் பெல்ட் வாங்கி வந்து தானே மாட்டினாள். மாட்டியும், பில்லுக்குப் பயந்து அதை அதிகம் ஓடவிடவில்லை. வெப்பம் நாற்பதைத் தாண்டும் நாள்களில் ஜன்னலில் ஈரப் போர்வை கட்டிவிட்டு, தபால் நிலையத்துக்குப் போய்விடுவாள். அங்கே தபால் வேலை பார்க்கும் தோழி கோரலின் முதுகுக்குப் பின்னால் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து சம்பளமில்லாமல் கடிதம் பிரித்துக் கொடுப்பாள்.

வீட்டுக்காரர் லிண்ட்ஸே நோஸ்கியும் எதையும் கேட்காத ஆள்தான். எழுபத்தாறு வயது. கோதுமை நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊருக்குள் வந்து, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். மனைவி எல்வா இறந்து மூன்று வருஷம். கிளெனிஸின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவார், ஹார்ன் அடிக்கமாட்டார். அவளாகப் பார்த்து வெளியே வரும்வரை வண்டியிலேயே இருப்பார். பதினெட்டு வருஷத்தில் வலைக்கதவைத் தாண்டி ஒரு காலடி உள்ளே வைத்ததில்லை. குடியிருப்பவர் வீட்டுக்குள் வீட்டுக்காரன் போகக் கூடாது என்பது அவர் கட்சி. டிசம்பரில் தன் மரத்து ஆப்ரிகாட் என்கிற பாதாமிப் பழம் ஒரு பெட்டி கொண்டுவந்து கேட்டருகே வைப்பார். பிப்ரவரியில் அவள் நாலு பாட்டில் ஜாம் கொண்டுபோய் அவர் வராந்தாவில் வைப்பாள். வாடகை வாரத்துக்கு நூற்று நாற்பது டாலர். கடைசியாக அதை ஏற்றியது பன்னிரண்டு வருஷத்துக்கு முன். அதைப் பற்றி அதற்குப்பின் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஊருக்கு வெளியே கனிம மணல் எடுக்கும் சுரங்கம் வரப்போகிறது என்று ஆனதும் ஊரின் வாடகை எங்கேயோ போய்விட்டது. எதிர்வீட்டில் மஞ்சள் சட்டை போட்ட மூன்று ஆள்கள் முன்னூறு கொடுத்து இருந்தார்கள். கிளெனிஸ் தன் வாடகையை யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டாள். தூங்குகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடமாடுவதுபோல அந்த எண்ணைச் சுற்றி மெதுவாக நடந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான், ஜனவரிக் கோடை விடுமுறையில் ஒருநாள், லிண்ட்ஸேயின் வெள்ளை வண்டி வாசலில் வந்து நின்றது. பழக் காலம் முடிந்திருந்தது. கையில் ஒரு கவர்.

"உள்ள வரலை கிளெனிஸ். ஒரு பேப்பர் இருக்கு."

"என்ன பேப்பர்?"

"வாடகைக்கு விட்ட வீட்டுக் கூரையில சோலார் போட்டா கவர்ன்மென்ட் மானியம் தருதாம். மிச்சத்துக்கு வட்டியில்லாம கடனாம். ஆனா குடியிருக்கிறவங்க சம்மதம்னு கையெழுத்து போட்டாத்தான் தருவாங்களாம்."

"எனக்கு எதுக்கு லிண்ட்ஸே அதெல்லாம்? எனக்கு கரண்ட் பில்லே கம்மிதான்."

"கூலரை நிறுத்திட்டுத் தபாலாபீஸ்ல உக்காந்தா கம்மியாத்தான் வரும்."

அவர் கவனித்திருக்கிறார் என்பது அவளுக்கு நல்ல செய்தியாக இல்லை.

"கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன். படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேனே."

கண்ணாடி அவள் தலைமேல் இருந்தது. லிண்ட்ஸே அதைப் பார்த்தார். பிறகு எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தார்.

"அவசரமில்ல," என்று கவரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழு பக்கம். முதல் இரண்டு பக்கத்தைத் தாண்டி மூன்றாம் பக்கத்தில் அவள் நின்றுவிட்டாள். குடியிருப்பவர் நிரப்ப வேண்டியவை என்று நாலைந்து கட்டங்கள். பெயர், முகவரி, எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள். அதற்கும் கீழே: இப்போதைய வார வாடகை. சின்னக் கட்டம்தான், மூன்று இலக்கம் கொள்ளும். அதில் நூற்று நாற்பது என்று எழுதினால் லிண்ட்ஸே அதைப் பார்ப்பார். அவருடைய மகள் ஜனைன் பார்ப்பாள். மெல்பர்னில் யாரோ ஒரு அதிகாரி பார்ப்பார். பன்னிரண்டு வருஷமாகச் சத்தம் போடாமல் கிடந்த எண் எழுந்து உட்கார்ந்துவிடும். வாடகை ஏறினால்கூடச் சமாளித்துப் பார்க்கலாம். சோலார் போட்ட வீடு, மூன்று படுக்கையறை, நாள் முழுக்க வெயில் விழும் வடக்குப் பார்த்த கூரை என்று விளம்பரத்தில் வந்துவிட்டால், இந்த ஊரில் அவள் கொடுக்கக்கூடிய வாடகைக்கு ஒரு கோழிக் கூண்டுகூடக் கிடைக்காது. ஊரை விட்டால் பேருந்து வேலையும் போயிற்று.

படிவத்தைக் கவருக்குள் போட்டு, கவரைத் துணிப்பைக்குள் போட்டு, பையை ஆணியில் மாட்டினாள்.

கோரல் கேட்டதும் சிரித்தாள். "அடியே, மேல வெயில் சும்மா காயுது, புடிச்சுத் தரேங்கிறாரு அந்த மனுஷன். நீ என்னமோ பல்லைப் புடுங்க வந்த மாதிரி ஓடுறே."

"ஹார்ஷம்ல தபால் பெட்டி வச்சான். நாப்பது நாள்ல பலகை நட்டான்."

"அது நடந்து முப்பது வருஷம் ஆச்சுடி."

"ஒரு தபால் பெட்டிக்கே அப்படின்னா, கூரை பூரா சோலார் போட்டா என்ன ஆகும்னு யோசி."

"எல்லாரும் ஹார்ஷம்காரன் இல்ல. லிண்ட்ஸே வேற மாதிரி ஆளு."

"ஆளு வேற. வீடு வீடுதான்."

கோரல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முத்திரையை எடுத்து, முத்திரை குத்தத் தேவையில்லாத ஓர் உறையில் ஓங்கிக் குத்தினாள். முப்பத்திரண்டு வருஷமாகத் தபால் நிலையத்தில் இருக்கிறவள். யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்று தெரியும், அதைச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும்.

பிப்ரவரியில் பள்ளி திறந்தது. முதல் வாரமே ஒரு மத்தியானம் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு, காலியான பேருந்தை வீட்டுக்கு ஓட்டி வரும்போது, வாசலில் வெள்ளை வண்டி நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பேருந்தை நிறுத்தும் இடமோ வீட்டுப் பக்கத்துக் காலி மனைதான். கிளெனிஸ் வேகத்தைக் குறைக்காமல் வீட்டைத் தாண்டிப் போனாள். கோதுமை சேமிக்கும் சைலோ கோபுரத்தைச் சுற்றி, ஃபுட்டி என்கிற கால்பந்து மைதானத்தைச் சுற்றித் திரும்பி வந்தாள். வண்டி இன்னும் நின்றது. மறுபடி ஒரு சுற்று. மூன்றாவது சுற்றில் லிண்ட்ஸே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொன்னார், எதிரே வரும் எந்த வண்டிக்கும் சொல்வதுபோல. நாலு தெரு உள்ள ஊரில் ஐம்பது பேர் உட்காரும் மஞ்சள் பேருந்தில் ஒளிந்துகொள்ளப் பார்த்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"நேத்து ஊர்வலம் விட்டியாமே," என்றாள் கோரல் மறுநாள். "சாமி யாரு, லிண்ட்ஸேயா?"

அதற்கடுத்த வியாழக்கிழமை நாற்பத்து மூன்று டிகிரி. மாலை வண்டியை முடித்து வந்தபோது அவர் வாசலில் இல்லை. பேருந்து நிற்கும் மனையில், ஊரில் மிளகு மரம் என்று சொல்லும் மரத்து நிழலில், தன் வண்டியின் பின்பலகையை இறக்கி அதில் உட்கார்ந்திருந்தார். சுற்றிப் போக இடமில்லை. முகம் செங்கல்போல இருந்தது.

கிளெனிஸ் உள்ளே போய்ப் பெரிய கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்து கிளாஸைப் பலகையில் வைத்தார்.

"நாளைக்குக் கடைசி நாள்," என்றார். "மாசத்துக்கு இத்தனை வீடுன்னு கணக்காம். நாளையோட மூடிட்டு அடுத்த மாசம்தான் திறப்பாங்க."

"அப்ப அடுத்த மாசம் பாக்கலாமே."

"அடுத்த மாசம்னா எனக்கு லேட்."

"ஏன்?"

"லேட்," என்று மறுபடி சொன்னார்.

இனிமேல் சுற்றிப் பேசிப் பயனில்லை என்று கிளெனிஸுக்குப் பட்டது. பதினெட்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள். "வீட்டை விக்கப் போறீங்களா லிண்ட்ஸே?"

அவர் தொப்பியைக் கழற்றி உள்பட்டையில் ஊறியிருந்த வியர்வையைக் கட்டை விரலால் வழித்தார். "நான் விக்கலை."

"போட்டு முடிச்சப்புறம்?"

"கிளெனிஸ், இது எனக்கு வேணும்." தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டார். "உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."

கேட்டதில்லைதான். கேட்பதற்கு என்ன செலவாகும் என்பது அந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. உள்ளே போனாள். ஆணியிலிருந்து பையை எடுத்து, கவரை எடுத்து, தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கி, நின்றபடியே மூன்றாம் பக்கத்தை நிரப்பினாள். வாடகைக் கட்டத்தில் பேனா ஒரு நொடி நின்றது. முன்னூறு என்று எழுதினாள். எப்படியும் அங்கேதான் போய் நிற்கப்போகிறது, தன் கையாலேயே எழுதிவிட்டால் அவர் வாயால் கேட்க வேண்டியிருக்காது என்று நினைத்தாள். எழுதும்போதே மனதுக்குள் இரவுச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சி போயிற்று, கீலாங் பயணம் போயிற்று.

லிண்ட்ஸே வண்டிப் பலகையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இது என்ன?"

"வாடகை."

"யாரு வாடகை?"

"எதிர்வீட்டுல அவ்வளவுதான் குடுக்கிறாங்க. ஊர்ல எல்லாரும் குடுக்கிறதுதானே."

"எல்லாரும் என் வீட்டுலயா இருக்காங்க?" பேனாவை வாங்கினார். முன்னூறை ஒரே கோடாக அடித்து, மேலே நூற்று நாற்பது என்று விவசாயக் கையெழுத்தில் அழுத்தி எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டார். "நீயும் போடு. திருத்தினா ரெண்டு பேரும் போடணும்."

போட்டாள்.

"கவர்ன்மென்ட் பேப்பர்ல பொய் எழுதக் கூடாது," என்றார் லிண்ட்ஸே. பிறகு, "ஜாம் இந்தத் தடவை கெட்டியா நல்லா இருந்துச்சு," என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வாடகை விஷயம் அதோடு தீர்ந்தது. ஆனால் அவர் 'நான் விக்கலை' என்று சொன்னபோது அந்த 'நான்' மேல் கொஞ்சம் கனம் இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. எழுபத்தாறு வயது ஆள். அவர் விற்காவிட்டால் யார்? சனிக்கிழமை மளிகைக் கடைக்குப் போனபோது பன்னிரண்டு அட்டைப் பெட்டிகள் கேட்டு வாங்கி வந்தாள். தட்டையாக மடித்துத் துணி அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

மார்ச் நடுவில் மானியம் சரி என்று வந்தது. ஹார்ஷமிலிருந்து மூன்று பேர் ஏணியோடு வந்தார்கள். அவர்களில் பெரியவன் பிராடி. இருபத்தைந்து வயது இருக்கும். வந்த இரண்டு நிமிஷத்தில் அவள் பெயரைப் பாதியாக்கிவிட்டான்.

"கிளென், ஃப்யூஸ் பெட்டி எங்க இருக்கு?"

"உள்ள. ஆனா எந்த ஒயர் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது. லிண்ட்ஸேதான் காட்டணும்."

வேலையைப் பார்க்க வந்திருந்த லிண்ட்ஸே வாசற்படியில் நின்றார். கிளெனிஸ் வலைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு தன் வீட்டுக்குள் நுழைந்தார். சமையலறைக்குப் பின்னால் ஃப்யூஸ் பெட்டியைக் காட்டிவிட்டுத் திரும்பியவர், தரையில் வரிசையாக நின்ற படங்களைப் பார்த்தார். கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார். மணி பத்து இருபது.

"வெள்ளம் கிள்ளம் வரப்போகுதா, எல்லாத்தையும் இறக்கி வச்சிருக்கே?"

"மாட்ட ஆணி இல்லையே."

"இதோ ஒண்ணு இருக்கே."

"அது நான் வர்றப்பவே இருந்தது."

லிண்ட்ஸே ஆணியைப் பார்த்தார். சாவி, பை, நாட்காட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. "இது எல்வா அடிச்சது," என்றார். "என்னைக் கூப்பிட்டுப் பாத்தா, நான் வரலைன்னு அவளே அடிச்சா. கோணலா இருக்கு பாரு." பிறகு பூட்ஸ் போடப் போனார்.

பிராடியும் ஆள்களும் கூரையில் துளை போட ஆரம்பித்தார்கள். கிளெனிஸுக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. பேருந்துக்குள் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். துளைக் கருவியின் ஒவ்வொரு சீறலுக்கும் கை சாவியை இறுக்கியது. கிழக்குச் சுவரில் இன்வெர்ட்டரைப் பொருத்த விரல் தடிமனில் நாலு போல்ட்டுகளை முடுக்கினார்கள். ஒருவரையும் கேட்கவில்லை, அளந்தார்கள், துளைத்தார்கள், முடுக்கினார்கள். யாரும் ஓடிவந்து கத்தவில்லை. வீடு நின்றுகொண்டுதான் இருந்தது.

மாலையில் எல்லாரும் போன பிறகு சமையல் மேடையில் ஒரு சுத்தியலும், புகையிலை டப்பா நிறைய ஆணியும் இருந்தன. கைப்பிடியில் எல்.என். என்று சூடு போட்டிருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"லிண்ட்ஸே, சுத்தியலை மறந்துட்டீங்க."

"மறக்கலை," என்றார்.

சுத்தியல் மேடையிலேயே கிடந்தது. அட்டைப் பெட்டிகள் அலமாரிக்குப் பின்னால் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் அவள் மூன்று வாரம் நடமாடினாள். மற்றபடி வாழ்க்கையில் சில மாற்றங்கள் வந்தன. காலை வண்டியை முடித்து ஒன்பது மணிக்கு வந்ததும் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டாள். அந்த வருஷம் வெயில் மார்ச் கடைசிவரை விடவில்லை, பதினொன்றிலிருந்து இரண்டரைவரை கூலர் ஓடியது. முதல் நாள் கூலரின் முன்னால் நாற்காலி போட்டு, ஒன்றும் செய்யாமல், மாலை வண்டிக்கு நேரமாகும்வரை உட்கார்ந்திருந்தாள். ஈரப் போர்வையை உலர்த்தி மடித்து வைத்தாள். இன்வெர்ட்டரில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அது எரிகிறதா என்று போகும்போதும் வரும்போதும் பார்ப்பாள்.

தபால் நிலையத்துக்கு இப்போது வெயிலுக்காகப் போக வேண்டியதில்லை. ஆனால் பழக்கம் விடவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, பின்னறையில் உட்கார்ந்து கடிதம் பிரித்துக்கொண்டிருந்தபோது, முன்னால் ஒரு குரல் கேட்டது. லிண்ட்ஸேயின் மகள் ஜனைன். பல்லாரட்டிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்தாள். அப்பாவின் தபாலை வாங்க வந்தவள், கோரலைச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்பதால் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பொரிந்தாள்.

"அப்பாவுக்கு இந்த சோலார் புத்தியை யாரு குடுத்தா கோரல்?"

"ஏன், என்னாச்சு?"

"சுரங்கக்காரங்க அந்த வீட்டைக் கேட்டு ஜனவரியிலேயே லெட்டர் போட்டிருக்காங்க. ஆளுங்களைத் தங்க வைக்கவாம். என்ன விலை சொல்லியிருக்காங்க தெரியுமா? அந்தப் பணம் வந்தா பல்லாரட்டுல எங்க பக்கத்துத் தெருவுலேயே அப்பாவுக்கு ஒரு சின்ன வீடு வாங்கிடலாம். அம்மா போனப்புறம் ஒத்தையில கிடக்கிறாரு. ராத்திரி விழுந்தா பாக்க ஆளில்ல. ஈஸ்டருக்கு வந்து பேசி முடிக்கலாம்னு இருந்தேன். இப்பக் கேட்டா, 'நான் விக்கலை'னுகூடச் சொல்ல மாட்டேங்கிறாரு. 'விக்க முடியாது'ங்கிறாரு."

"ஏனாம்?"

"மானியம் வாங்கியாச்சாம். நாலு வருஷத்துக்கு வீட்டை விக்கக் கூடாது, குடியிருக்கிறவங்களை எழுப்பக் கூடாதுன்னு அந்தப் படிவத்துல கண்டிஷனாம். கையெழுத்து போட்டாச்சு, கவர்ன்மென்ட் விவகாரம், ஒண்ணும் பண்ண முடியாதும்மான்னு கையை விரிக்கிறாரு."

கோரல் முத்திரையை எடுத்து ஓரமாக வைத்தாள். ஜனவரிக் கடிதத்தை லிண்ட்ஸேயின் பெட்டியில் போட்டவள் அவள்தான். "கவர்ன்மென்ட்டுன்னா அப்படித்தான் ஜனைன்," என்றாள். "ஒண்ணு குடுத்தா நாலு முடிச்சு போடுவான்."

"அவருக்கு இங்கேயே இருக்கணும், அதுதான் விஷயம். எனக்குத் தெரியாதா?" ஜனைனின் குரல் தணிந்துவிட்டது. "போகட்டும். நாலு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம். ரெண்டு தபால் தலை குடு."

பின்னறையில் கிளெனிஸ் ஒரு கட்டுக் கடிதத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஜனவரியில்தான் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு தேடினாள். பிப்ரவரியில் ஊரைச் சுற்றி மூன்று சுற்று வந்தாள். இன்னும் ஒருநாள் தள்ளிப் போட்டிருந்தால் தன் வீட்டைத் தானே விற்றுக் கொடுத்திருப்பாள்.

ஜனைன் போனதும் கோரல் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நான் ஒண்ணும் சொல்லலை."

"நீ ஒண்ணும் சொல்லலைடி," என்றாள் கிளெனிஸ்.

வீட்டுக்கு வந்து அட்டைப் பெட்டிகளை அலமாரிக்குப் பின்னாலிருந்து உருவி, குப்பைத் தொட்டியருகே கயிறு கட்டி வைத்தாள். சுத்தியலை எடுத்தாள். முதல் ஆணி சுவரின் பழைய கடினமான மரத்தில் பட்டு வளைந்தது. இரண்டாவது பறந்துபோய் அடுப்புக்குப் பின்னால் விழுந்தது. மூன்றாவது நின்றது. அதுவும் கோணல்தான். அம்மாவின் படத்தை அதில் மாட்டிவிட்டு, அடுத்த சுவருக்குப் போனாள். இருட்டும் முன் கடிகாரமும் கடல் ஓவியமும் மேலே ஏறிவிட்டன.

மறுநாள் பெரிய வெள்ளி, வண்டி இல்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் கை தானாகச் சாவியை எடுத்தது, பையை எடுத்தது, நாட்காட்டியைத் தூக்கியது. அடியில் படம் இல்லை. பதினெட்டு வருஷமாக வெளிச்சம் படாத ஒரு நீள்சதுரம், சுவரின் பழைய நிறத்தில், அங்கே இருந்தது.

லிண்ட்ஸேயிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பிப்ரவரியில் அவர் வராந்தாவில் நாலு பாட்டிலுக்குப் பதில் ஆறு பாட்டில் ஜாம் இருந்தது, அவ்வளவுதான்.

படிவத்தின் நகல் இப்போதும் அவள் வீட்டில், எல்வா அடித்த ஆணியில், நாட்காட்டிக்குப் பின்னால் தொங்குகிறது. மூன்றாம் பக்கத்தில் அடித்துத் திருத்திய வாடகையும் இரண்டு சின்னக் கையெழுத்துகளும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பக்கத்துக்குமேல் அவள் இன்றுவரை படித்ததில்லை. இதை எழுதுவதற்காக நான் அதை அவளிடம் வாங்கி ஏழு பக்கத்தையும் இரண்டு முறை படித்தபோதுதான் தெரிந்தது: வீட்டை நாலு வருஷம் விற்கக் கூடாது என்றோ, குடியிருப்பவரை எழுப்பக் கூடாது என்றோ அதில் ஒரு வரிகூட இல்லை.